லைக் வருகிறது, ஆர்டர் வரவில்லை: பாலக்கோட்டில் இருந்து வளையல் விற்க என்ன வழி?

கேட்டவர் தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். யூடியூப் பார்த்துப் பட்டு நூல் வளையலும் ஜிமிக்கியும் செய்யக் கற்றுக்கொண்டு இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கியிருக்கிறார். லைக் நிறைய, ஆர்டர் இல்லை. மீஷோவில் போடலாமா அமேசானில் போடலாமா, ஜிஎஸ்டி வேண்டுமா, என்ன விலை வைப்பது, ரெசின் (ஊற்றி இறுக வைக்கிற பிசின்) நகை வகுப்புக்கு 6,000 ரூபாய் கட்டலாமா என்பது அவர் கேள்விகள்.

முதல் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு இரண்டிலும் வேண்டாம்.

உங்கள் பக்கத்துக்கு லைக் போடுகிறவர்கள் யார் என்று ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். பாதிக்கு மேல் உங்களைப் போலவே வளையல் செய்கிறவர்களாக இருப்பார்கள். டிசைன் பார்க்க வருகிறார்கள், ஒரு ஹார்ட் போட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களில் யாரும் உங்களிடம் வாங்கப் போவதில்லை. இன்னொன்று, நீங்கள் போட்டிருக்கும் சிவப்பு பச்சை வளையல் செட் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது. மொத்த வியாபாரிகள் அதே மாதிரி செட்டை நீங்கள் நூல் சுற்றுகிற அடி வளையலுக்கும் நூலுக்கும் கல்லுக்கும் கொடுக்கும் காசுக்கே விற்கிறார்கள். மீஷோவில் அதே செட்டுக்குப் பக்கத்தில் உங்களுடையது நின்றால், வாங்குகிறவர் விலையை மட்டும்தான் பார்ப்பார். அந்தப் போட்டியில் கையால் செய்கிறவர் ஜெயிக்க முடியாது.

கையால் செய்கிறவருக்கு மட்டும் முடிகிற வேலை ஒன்று உண்டு. புடவைக்கும் பிளவுஸுக்கும் பொருந்துகிற நிறத்தில், அந்தக் கைக்குச் சரியான அளவில், விசேஷத்துக்கு முன்னால் செய்து கொடுப்பது. இதை எந்த ஃபேக்டரியும் செய்து தராது. ஆகவே செய்து வைத்து விற்பதை விட்டுவிட்டு, ஆர்டர் எடுத்துச் செய்து கொடுக்கும் பக்கம் திரும்புங்கள். இன்ஸ்டாகிராம் நீங்கள் செய்ததைக் காட்டும் ஆல்பமாக இருக்கட்டும். வியாபாரம் வாட்ஸ்அப்பில் நடக்கட்டும்.

சரி, ஆர்டர் எங்கே இருக்கிறது? தையல் கடையில். நிச்சயதார்த்தமோ மஞ்சள் நீராட்டோ வளைகாப்போ, முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்பே பிளவுஸ் துணி தையல்காரரிடம் போய்விடுகிறது. இப்போது தர்மபுரி, காரிமங்கலம், பாலக்கோடு, அரூர் எங்கே போனாலும் ஆரி ஒர்க் செய்கிற அக்கா ஒருவராவது இருக்கிறார். அவரிடம் துணி வரும்போதே யாருக்கு விசேஷம், எந்தத் தேதி, எந்த நிறம் எல்லாம் வந்துவிடுகிறது. நான்கைந்து மாதிரி வளையல்களை ஒரு டப்பாவில் போட்டு அவர் கடையில் வையுங்கள். ஆர்டருக்கு இவ்வளவு என்று கமிஷன் பேசுங்கள். வெட்டிய துணியில் இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்றை அவரிடமே வாங்கிக்கொண்டால் நிறம் தவறாது. ஃபோனில் வரும் படத்தை நம்பி நிறம் எடுக்காதீர்கள். கிளிப்பச்சை உங்கள் திரையில் ராமர் பச்சையாகத் தெரியும். வெளியூர் ஆர்டர் என்றால் துணித் துண்டைக் கவரில் போட்டுத் தபாலில் அனுப்பச் சொல்லலாம். நூல் வாங்கும்போது கம்பெனியின் ஷேட் கார்டையும் (நிறங்களும் அவற்றின் நம்பரும் உள்ள அட்டை) கேட்டு வாங்கி, எந்த ஆர்டருக்கு எந்த நம்பர் போட்டீர்கள் என்று எழுதி வையுங்கள். அதே வீட்டில் இருந்து மறுபடி ஆர்டர் வரும்போது தேட வேண்டியதில்லை.

அடுத்தது குழு. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு 1989-ல் முளைத்ததே நம்ம மாவட்டத்தில்தான், அப்போது கிருஷ்ணகிரியும் தர்மபுரியோடு சேர்ந்து இருந்தது (2004-ல்தான் பிரிந்தது). ஆகவே நம்ம பக்கம் குழு இல்லாத தெரு அபூர்வம். உங்கள் அம்மாவோ மாமியாரோ ஏதாவது ஒரு குழுவில் இருப்பார்கள். கூட்டத்துக்கு வருகிற பெண்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் வருஷத்துக்கு ஒரு விசேஷமாவது உண்டு. வளைகாப்புக்கு வந்தவர்களுக்குத் தாம்பூலப் பையில் வைத்துக் கொடுக்க ஐம்பது ஜோடி வளையல் வேண்டும் என்று ஒரே ஒரு ஆர்டர் கிடைத்தால், அது இன்ஸ்டாகிராமில் ஆறு மாதம் காத்திருந்து கிடைக்கிற வியாபாரத்துக்கு மேல்.

ஆர்டர் எடுப்பதில் பாதிப் பேர் சறுக்குகிற இடம் அளவு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2.4, 2.6, 2.8 என்று சொல்கிறோமே, அது புள்ளிக் கணக்கு அல்ல. முன்னால் இருப்பது அங்குலம், பின்னால் இருப்பது அங்குலத்தில் பதினாறில் எத்தனை பங்கு என்பது. ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற பழைய கணக்கு மாதிரியே. 2.4 என்றால் இரண்டேகால் அங்குலம், உள்விட்டம் 57 மில்லிமீட்டர். 2.6 என்றால் 60. 2.8 என்றால் இரண்டரை அங்குலம், 63.5 மில்லிமீட்டர். 2.10 என்பது 2.8-ஐ விடப் பெரியது, ஏறக்குறைய 67. இது தெரியாமல் "2.10 என்றால் 2.1 தானே, சின்னது" என்று நினைத்து ஆர்டர் போடுகிறவர்கள் நிறைய. 2.10 என்று ஒருவர் கேட்டால், "இரண்டு பத்தா?" என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் வித்தியாசம் வெறும் 3 மில்லிமீட்டர்தான். நூல் சுற்றியதும் உள்பக்கம் கொஞ்சம் குறுகிவிடும். 2.6 கண்ணாடி வளையல் கனகச்சிதமாகப் போடுகிற கைக்கு, 2.6 அடி வளையலில் நூல் சுற்றினால் இறுகலாம். கண்ணாடி வளையலில் கை வழுக்கிப் போகும், நூல் வளையல் உராயும். அதனால் வாடிக்கையாளர் சொல்லும் நம்பரை மட்டும் நம்பாமல், சரியாக இருக்கும் வளையல் ஒன்றை ஸ்கேல் மேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்விட்டத்தை நீங்களே படித்துக்கொள்ளலாம். வளைகாப்புப் பெண்ணுக்கு என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஏழாம் மாதம் ஒன்பதாம் மாதம் கை வீங்கும். கல்யாணத்தின்போது போட்ட அளவைச் சொல்வார்கள், அது ஏறாது. அந்த வாரம் போட்டுப் பார்த்த அளவைக் கேளுங்கள்.

விலைக்கு வருவோம். பக்கத்துப் பக்கத்தைப் பார்த்து விலை வைக்காதீர்கள், உங்கள் நேரத்துக்கு முதலில் ஒரு கூலி வையுங்கள். எவ்வளவு என்று தெரியாவிட்டால் நூறு நாள் வேலையை வைத்தே கணக்குப் போடலாம். 2025-26-க்குத் தமிழ்நாட்டில் அதற்கு நிர்ணயித்த நாள்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரமாக வகுத்தால் மணிக்கு 42. இதற்குக் கீழே போனால் வேலைக்குப் போவதே மேல். இப்போது ஒரு செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய வளையல் நான்கு, பட்டை வளையல் இரண்டு. அடி வளையல், நூல், ஸ்டோன் செயின், குந்தன், பசை எல்லாம் சேர்த்து 90 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டி, பபிள் ராப், டேப் 20. வீணாகும் பொருளுக்கு 10. செய்ய 3 மணி நேரம், 126 ரூபாய். வாட்ஸ்அப்பில் பேசி, படம் எடுத்து, பார்சல் கட்டிக் கொண்டுபோய்ப் போட ஒரு மணி நேரம், 42. மொத்தம் 288. லாபம் என்று எதுவும் இன்னும் சேர்க்கவில்லை. 350-க்குக் கீழே இதை விற்றால் கூலிக்கு மேல் கையில் பெரிதாக ஒன்றும் நிற்காது. கூரியர் தனி.

"350 கொடுத்து யார் வாங்குவார்கள்?" என்று தோன்றும். ரெடிமேட் செட்டுக்குத் தரமாட்டார்கள். தன் புடவை பார்டரில் இருக்கிற அதே மயில் கழுத்து நிறத்தில், தன் அளவில் கிடைக்கிறது என்றால் தருவார்கள். அதே பெண்தான் ஆரி பிளவுஸுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு வருகிறார்.

பாதிப் பணம் முன்பணம், மீதி அனுப்பும் முன். இதில் சொந்தக்காரர், சிநேகிதி என்று பார்க்க வேண்டாம். ஆர்டர் செய்து கொடுக்கும் பொருளுக்கு கேஷ் ஆன் டெலிவரி ஒத்துவரவே வராது. வேறொருவர் நிறத்தில், வேறொருவர் அளவில் திரும்பி வந்த வளையலை யாரிடம் விற்பீர்கள்? பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் வந்தால் வங்கிக் கணக்கில் ஏறியதா என்று பார்த்த பிறகே நூலைத் தொடுங்கள். "மொத்தமாக ஆர்டர் தருகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள், பணம் வரும்" என்று ஒருவர் கட்டாயம் வருவார். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் எங்கேயும் தேவைப்படாது. போட்டால் உங்கள் பணம்தான் போகும். அப்படி ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும், தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்.

பொருளின் தரத்தில் மூன்று விஷயம் சொல்கிறேன். ஒன்று பசை. குளூ கன் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் சூட்டில் இளகும். சித்திரை வெயிலில் கூரியர் வண்டிக்குள் ஒரு பகல் கிடந்த பெட்டியைத் திறந்தால் கல் எல்லாம் அடியில் கொட்டிக் கிடக்கும். நூலுக்குத் துணிப் பசை, கல்லுக்கு நகைக்கென்றே விற்கிற பசை, ஒட்டிய பின் ஒரு நாள் முழுக்க ஆறவிடுவது, இதற்குக் குறுக்கு வழி கிடையாது. இரண்டாவது, ஜிமிக்கியின் கொக்கி. மலிவான கொக்கியில் நிக்கல் இருக்கும், சிலருக்குக் காது சிவந்து அரித்துத் தண்ணீர் வடியும். ஒரு முறை அப்படி ஆனவர் உங்கள் பக்கம் திரும்பமாட்டார், நாலு பேரிடம் சொல்லவும் செய்வார். கவரிங் ஆகாது என்று சொல்கிறவர்களுக்கு வெள்ளிக் கொக்கி போட்டுத் தருவதாகச் சொல்லுங்கள். வெள்ளி வேலைக்குப் பேர்போன சேலம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 925 வெள்ளி என்று கேட்டு பில்லோடு வாங்கி, அந்த விலையைத் தனியாகக் காட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பட்டு. நாம் வாங்கும் "பட்டு நூல்" உருண்டை பெரும்பாலும் ரேயான் அல்லது பாலியஸ்டர். தர்மபுரியில் பட்டுக்கூட்டுக்கென்று அரசு அங்காடியே இருக்கிறது, நம் வளையலில் மட்டும் பட்டு இல்லை! "பட்டு நூல் வளையல்" என்ற பெயர் ஊர் அறிந்தது, அதில் தப்பில்லை. "சுத்தப் பட்டு", "ப்யூர் சில்க்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

படம் எடுப்பதற்கு லைட் பெட்டியெல்லாம் வாங்க வேண்டாம். காலை நேரம், நேர் வெயில் விழாத ஜன்னல், ஒரு வெள்ளை சார்ட் பேப்பர் போதும். ஃபில்டர் போடாதீர்கள், டியூப் லைட்டில் எடுக்காதீர்கள். செட்டைத் தனியாக ஒன்று, கையில் போட்டு ஒன்று, புடவை மேல் வைத்து ஒன்று. மூன்றாவது படம்தான் ஆர்டர் கொண்டுவரும்.

பார்சலில் பெட்டியின் அளவைக் கவனியுங்கள். பல தனியார் கூரியர்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருகிற எடையையும் பார்ப்பார்கள், எது அதிகமோ அதற்குத்தான் காசு. 20-க்கு 15-க்கு 10 பெட்டி என்றால் உள்ளே 150 கிராம் வளையல் இருந்தாலும் கணக்கில் 600 கிராம். 10-க்கு 10-க்கு 8 பெட்டியில் அடக்கினால் 160 கிராம். சின்னப் பெட்டிகளை மொத்தமாக வாங்கி வையுங்கள். கூரியர் கிளை இல்லாத கிராமத்துக்கு ஸ்பீட் போஸ்ட்தான் கைகொடுக்கும்.

இனி ஜிஎஸ்டி. இந்த விஷயத்தில் ஆளுக்கொன்று சொல்லிப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் பதிவு. நீங்கள் தமிழ்நாட்டுக்குள் வாட்ஸ்அப்பில் நேரடியாக விற்கும்வரை அதற்குக் கீழே கவலை இல்லை. மீஷோ மாதிரி தளங்களில் விற்க முன்பு எல்லோருக்கும் பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் அது தளர்ந்திருக்கிறது. ஜிஎஸ்டி தளத்தில் பான் கார்டு வைத்து ஒரு என்ரோல்மென்ட் எண் வாங்கினால், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்கலாம்.

நம்ம பக்கத்துக்காரர்களுக்குச் சிக்கல் வருவது இந்த "மாநிலத்துக்குள்" என்ற இடத்தில்தான். ஓசூர்க்காரருக்குச் சென்னையைவிட பெங்களூரு பக்கம். சொந்தக்காரர் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள், வாடிக்கையாளரும் அங்கிருந்து வருவார். ஆனால் அத்திப்பள்ளி தாண்டினால் வேறு மாநிலம். மாநிலம் விட்டு மாநிலம் பொருள் விற்றால், 40 லட்சம் வரம்பெல்லாம் இல்லாமல் பதிவு வேண்டும் என்பதுதான் பொது விதி. பட்டியலிட்ட கைவினைப் பொருள்களுக்கு 2018-ல் ஒரு விலக்கு கொடுத்தார்கள். அதற்கும் பான், பார்சல் சின்னதாக இருந்தாலும் ஈ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஆன்லைன் சீட்டு) என்று நிபந்தனைகள் உண்டு. பெங்களூரு ஆர்டர் தொடர்ந்து வருகிற நிலை வந்தால் ஆடிட்டர் ஒருவரிடம் பொருளைக் காட்டிக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பதிவு செய்வது என்று முடிவானாலும் பயப்பட ஒன்றுமில்லை. கவரிங், ஃபேன்ஸி நகைக்கு வரி 3 சதவீதம்தான். மாதமோ காலாண்டோ கணக்குத் தாக்கல் செய்கிற வேலையும் ஆடிட்டர் கூலியும்தான் உண்மையான செலவு.

வாங்குவதற்கு மட்டும் இப்போதே பெங்களூரு போகலாம். நீங்கள் இருக்கும் இடத்துக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. பாலக்கோடு சேலம் - பெங்களூரு ரயில் பாதையில் இருக்கிறது, கிருஷ்ணகிரிக்கு அந்த வசதிகூட இல்லை. சிக்பேட்டைப் பக்கம் மணி, கல், ஜிமிக்கி அடி எல்லாம் மொத்த விலையில் கிடைக்கும். ஆனால் முதல் தடவையே மூட்டை கட்டிக்கொண்டு வராதீர்கள். ஆர்டர் எடுத்துச் செய்கிறவருக்கு எல்லா அளவிலும் அடி வளையல், தங்க நிற ஸ்டோன் செயின், வெள்ளைக் குந்தன் இருந்தால் போதும். நூல் நிறம் ஆர்டர் வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

உத்யம் பதிவு, அதாவது சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு, கேட்டீர்களானால், செய்து வையுங்கள். ஆதாரும் பான் கார்டும் இருந்தால் அரசுத் தளத்தில் இலவசம். ஆயிரம் ரூபாய் கேட்கிற ஏஜென்ட் யாரும் வேண்டாம். கடன் இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. 2025-ல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயது நிறைந்தவர்களுக்கு 3 லட்சம் வரை கடனும் அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். ஆனால் மானியம் போக மீதியைத் திருப்பிக் கட்ட வேண்டும், அதற்கு மாதாமாதம் ஆர்டர் வேண்டும். நம் தொழிலோ ஆடியிலும் மார்கழியிலும் படுத்துவிடும். ஒரு வருஷ வரவு செலவை நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் வங்கிக்குப் போகலாம்.

கடைசியாக ரெசின் வகுப்பு. 6,000 ரூபாய் கட்ட வேண்டாம். ரெசினையும் ஹார்டனரையும் பாட்டிலில் போட்டிருக்கும் விகிதத்தில் கலப்பது, ஒரு நாள் இறுகவிடுவது, ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்த பூவை மட்டும் வைப்பது, இவ்வளவுதான் அடிப்படை, அதையும் யூடியூபிலேயே கற்கலாம். கையுறை இல்லாமல் தொட்டால் தோல் ஒவ்வாமை வரும், காற்றோட்டமில்லாத அறையில் செய்யக்கூடாது. சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் நான் பரிந்துரைக்க மாட்டேன். நாளானால் மஞ்சளாகிற பிரச்சினை வேறு.

புதிதாக ஒன்று கற்றே ஆகவேண்டும் என்றால் பட்டுக்கூட்டு வேலையைப் பாருங்கள். அந்துப்பூச்சி துளைத்து வெளியேறிய கூட்டில் முழு நீளத்துக்கு நூல் எடுக்க முடியாது, அதனால் அது மலிவு. இதழ் இதழாக வெட்டினால் ரோஜாவும் மல்லியும் ஜடை பில்லையும் கம்மலும் செய்யலாம். பட்டு ஒரு புரதம் என்பதால் சாயம் நன்றாகப் பிடிக்கும், எடையும் இல்லை, மஞ்சள் நீராட்டுப் பெண்ணின் தலையில் நாள் முழுக்க இருந்தாலும் வலிக்காது. தர்மபுரியில் செய்த பட்டுக்கூட்டு நகை என்று சொன்னால் அது உண்மையாகவும் இருக்கும், வேறு யார் பக்கத்திலும் சுலபத்தில் கிடைக்கவும் கிடைக்காது. பட்டுப்புழு வளர்க்கும் வீடு உங்கள் ஊரிலேயே இருக்கும், முதலில் அங்கே ஒரு பை கேளுங்கள். கூட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது உருளும் சத்தம் கேட்டால் கூட்டுப்புழு அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். வெட்டி எடுத்துவிட்டு நன்றாகக் காயவைத்த பிறகே சாயத்தில் போட வேண்டும், இல்லாவிட்டால் வாடை போகவே போகாது.